நம் சனிக்கிழமை ஒயின்

இன்று மாலை தோ பாயோ பேரங்காடியில், ஒயின் அடுக்கின் முன்னால் என்னை அறியாமல் குந்தி உட்கார்ந்தேன். கீழ்த்தட்டில் போர்ச்சுகல் நாட்டுச் சிவப்பு ஒயின் ஒன்று, கழுத்தில் மஞ்சள் தள்ளுபடிச் சீட்டோடு நின்றது. உன்னிடம் காட்டக் கையில் எடுத்த பிறகுதான் பக்கத்தில் நீ இல்லை என்பது உறைத்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

"கண்ணுக்கு நேரா இருக்கறதெல்லாம் ஆபீஸ் பார்ட்டிக்கு லா. நமக்குக் கீழ்த்தட்டுதான்," என்பாய், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வைச் சேர்த்து.

ஒரே தளத்தில் நாலு வீடு தள்ளி இருந்தும் மூன்று ஆண்டுகள் நாம் மின்தூக்கியில் சிரித்துக்கொண்டதோடு சரி. நீ இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், வக்கீல் அலுவலகத்தில் வேலை. நான் மதுரையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவள். ஒரு சனிக்கிழமை மதியம் என் பையிலிருந்த ஒயின் பாட்டிலைப் பார்த்துவிட்டாய். நான் வெட்கப்பட்டு மறைத்தேன்.

"அட, நீங்களுமா? எங்க வீட்ல எனக்கு மட்டும்தான் பிடிக்கும். தனியா ஒரு பாட்டில் முடியாது லா."

அடுத்த வாரமே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. சனிக்கிழமைகள் நம்முடையவை ஆயின.

நமக்கு மூன்று விதிகள்: விலை முப்பது வெள்ளியைத் தாண்டக் கூடாது, ஒரே ஊர் ஒயினை மறுபடி வாங்கக் கூடாது, பல திராட்சைகள் கலந்ததாக இருக்க வேண்டும். "ஒரே திராட்சைன்னா, அது சரியில்லன்னா போச்சு. நாலு கலந்தா ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பிடிச்சுக்கும்," என்று நீ சொன்ன நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. வாயில் நுழையாத பெயருள்ள ஊர்களில்தான் விலை இறங்குகிறது என்பதும் உன் கண்டுபிடிப்புதான். தெற்கு பிரான்ஸ், சிலி, தென்னாப்பிரிக்கா என்று உன் சமையலறை மேசையிலேயே சுற்றி வந்தோம். தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டுக்கறியை நீ மிளகு தூக்கலாகப் போட்டு வறுப்பாய். பாட்டிலின் பின்னால் சுவைக்கு உவமையாக அச்சிட்டிருக்கும் பழங்கள் எதையும் நான் தின்றதில்லை. "நாவல்பழம், கொஞ்சம் வெத்தலைக் காம்பு," என்பேன். நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு வாய் குடித்து, "ஆமா லா, வெத்தலைதான்!" என்பாய்.

பிறகு உனக்குப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற ஏற உன் நாக்கு மரத்துப்போனது. தண்ணீர்கூட இரும்பு மாதிரி இருக்கிறது என்றாய். சனிக்கிழமையை நிறுத்திவிடலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ குடி. எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

அப்படியே செய்தோம். ஒரு வாரம், நான் ஆசையாய்த் தேடி எடுத்து வந்த ஸ்பெயின் ஒயின் கெட்டிருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை. மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு முந்தின நாள்தான் மருத்துவர் உன்னிடம் சொல்லியிருந்தார். உன் முகத்தைப் பார்த்தேன்.

"அருமையா இருக்கு. நாம குடிச்சதுலயே இதுதான் பெஸ்ட்," என்றேன்.

நீ என் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்புறம் ஏன் ரெண்டாவது வாய் குடிக்கல?"

நான் கிளாசைக் கீழே வைத்தேன்.

"எனக்கு நாக்குதான் போச்சு, கண்ணு இருக்கு லா. நீ சொல்றதைத்தான் நான் குடிக்கிறேன். நீ பொய் சொன்னா நான் எதைக் குடிக்கிறது?"

"கெட்டுப்போச்சுடி. வாயில வைக்க முடியல," என்று சொல்லி அழுதுவிட்டேன். நீ சிரித்தாய். மெல்ல எழுந்துபோய்ப் பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாய். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு பயமா இருக்கு. உனக்கு?" என்று கேட்டாய்.

"எனக்கும்."

வீட்டில் எல்லாரும் உனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அன்று நாம் இருவரும் பயந்தவர்களாகவே, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதன்பின் நமக்குக் கிடைத்த பதினோரு சனிக்கிழமைகளில் நான் உன்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் மதுரையிலிருந்து அம்மா அழைத்து, "நல்லா இருக்கியா?" என்பார். இத்தனை ஆண்டுகளாக, "நல்லா இருக்கேம்மா" என்பதுதான் என் பதில். போன வாரம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லம்மா. சனிக்கிழமை வந்தா வீட்ல இருக்க முடியல."

அம்மா சொன்னார்: "எனக்கும் அப்படித்தான் இருக்குடி, உங்கப்பா போனதுலேர்ந்து."

அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். உன்னைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஒயினையும் மறைக்கவில்லை.