காலர் வைக்காத சட்டை

பிப்ரவரி 3

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், தையல் மெஷின் சுகம், மாடிப்படி மட்டும் என்னைக் கண்டால் உயரமாகிவிடுகிறது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே பழைய கதையைத் தோண்டிச் சண்டை போடுகிறோம், இனி எழுதிக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். சரி. ஆனால் எழுதுவதும் நான் மட்டும்தான் என்றால் எப்படி? இரண்டு கடிதம் போட்டு நாலு மாதம் ஆகிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என்னிடம் துணி தைக்க வரும் ஒரு பெண்ணுக்குக் கழுத்தைச் சுற்றிக் கறுத்துத் தடித்துப்போயிருக்கிறது. அக்குளிலும் இருக்கிறதாம். உனக்குச் சின்ன வயதிலிருந்து இருக்கிறதே, அதே மாதிரி. அங்கே டாக்டர் உனக்கு என்ன களிம்பு கொடுத்தார்? அவள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறாள், பாவம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

*

பிப்ரவரி 21

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடிக் கடையில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம். இது பாதி உண்மை.

முதலில் அந்தப் பெண்ணிடம் சொல், அது அழுக்கில்லை. தேய்த்தால் போகாது, இன்னும்தான் தடிக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வயது ஆயிற்று. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் தோல் மடிப்புகளில் இப்படி வருமாம். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல். இனிப்பைக் குறைத்து, தினமும் நடந்து, எடை இறங்கினால் மெல்ல வெளுக்கும். களிம்பு அதற்குத் துணை, அவ்வளவுதான். எனக்குப் பாதி வெளுத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? குதிகால் தேய்க்கும் கல்லை எடுத்து ரத்தம் கசியும்வரை என் கழுத்தைத் தேய்த்தாய். "பொம்பளப் புள்ள கழுத்துல இவ்வளவு அழுக்கு! பாக்குறவங்க என்னைத்தான் கேப்பாங்க" என்றாய். அப்புறம் என் சட்டைகளுக்கெல்லாம் காதுவரை காலர் வைத்துத் தைத்தாய். 'தெரியாம செஞ்சுட்டேன்' என்று ஒரு தடவைகூட நீ சொன்னதில்லை. இதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

உன் மகள்

*

ஏப்ரல் 9

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அந்தப் பெண் நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறாள். சர்க்கரையை அடியோடு விட்டாள். காலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறாள். எடை மளமளவென்று இறங்குகிறது, அவள் சட்டையை மூன்று தடவை பிடித்துத் தைத்தாயிற்று. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறதாம். உன் வைத்தியம் பலே வைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கறுப்புதான் பிடிவாதமாக நிற்கிறது. உதட்டோரம்வரை வந்துவிட்டது. இன்னும் எத்தனை நாள் நடக்க வேண்டும்?

எனக்கும் வயதாகிவிட்டது. வழவழப்பான துணியைத் தொட்டால் உள்ளங்கையில் இழை மாட்டி இழுக்கிறது. ஒரு கல்யாண உடுப்பைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது பருத்தி மட்டும்தான்.

போட்டோ நாளைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். அதற்குப் பதில் இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் அம்மா

*

ஏப்ரல் 24

அம்மா,

இன்று டாக்டரிடம் போனபோது, அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஏன் குறையவில்லை என்று கேட்டேன். "என்ன வயசு? எப்ப ஆரம்பிச்சுது?" என்றார். தெரியாது என்றேன். எடை இறங்குவதைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உள்ளங்கை எப்படி இருக்கு? தடிச்சு சொரசொரன்னு இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா, கடிதத்தில் இழை மாட்டிய உள்ளங்கை உன்னுடையது.

வயதானவர்களுக்குச் சட்டென்று வந்து வேகமாகப் பரவினால் அது எனக்கு இருப்பது மாதிரி இல்லையாம். உள்ளே எங்கேயாவது, முக்கியமாக வயிற்றில், கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டுமாம். நாலு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவரோடு கிளம்பு. குளத்தைச் சுற்றி நடந்தது போதும். தயவுசெய்து சாப்பிடு.

உன் மகள்

*

மே 6

என் குட்டிம்மாவுக்கு,

ஜெராக்ஸ் கடைக்காரி கைதியைக் கொண்டுபோவதுபோல என்னை வண்டியில் ஏற்றினாள். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டதாம். "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார் சின்ன டாக்டர். பெரிய டாக்டர் அவரை முறைத்தார். இதெல்லாம் கடைக்காரி போனில் சொல்லி, நீ அழுதது எனக்கும் கேட்டது. புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கிளம்புகிறேன் என்றாய். வா. நிதானமாக வா.

அந்தப் பெண் நான்தான். கண்ணாடியில் முதலில் பார்த்த அன்று நானும் அதே கல்லை எடுத்துத் தேய்த்தேன். அப்படி எரிந்தது. அறுபத்திரண்டு வயதில் எனக்கே தாங்கவில்லை, நீ பத்து வயதுக் குழந்தை. மறுநாள் என் சட்டைக்கும் காலர் வைத்துக்கொண்டேன். பெற்ற மகளை அழுக்கு என்றவள், எனக்கும் வந்திருக்கிறது என்று எந்த முகத்தோடு உன்னிடம் சொல்வேன்? அதனால்தான் இன்னொருத்தியைக் கற்பனை செய்தேன்.

தெரியாமல் செய்துவிட்டேன், குட்டிம்மா. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உன் யோசனையால்தான் இப்படி ஆயிற்று என்று மட்டும் நினைத்துவிடாதே. பொய் சொன்னவள் நான்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், மெதுவாகத்தான் வரும். உனக்கு ஒரு சட்டை. அளவெல்லாம் ஞாபகத்திலிருந்துதான். கழுத்தை நன்றாக இறக்கி வெட்டியிருக்கிறேன், காலர் கிடையாது. என் கை பட்டு இரண்டு இடத்தில் இழை இழுத்திருக்கிறது, பொறுத்துக்கொள்.

உன் அம்மா

*

ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். நேற்று ஊரிலிருந்து திரும்பினேன். பார்சல் கதவருகே கிடந்தது. சட்டை தோளில் கொஞ்சம் தளர்வு, நான் இளைத்தது உனக்குத் தெரியாதே. இரண்டு இடம் என்று எழுதியிருந்தாய், தேடிப் பார்த்தேன், மூன்று இருக்கிறது. இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

நீ தெரியாமல் தேய்த்தாய். நான் தெரியாமல் நடக்கச் சொன்னேன். எடை இறங்குகிறது என்று நீ எழுதியதைப் படித்து, யாரோ ஒருத்திக்கு நல்லது நடக்கிறது என்று அன்று சந்தோஷப்பட்டேன் அம்மா. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நீ போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. உன்னைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் ஈரத் துணியால் உன் கழுத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். "எவ்வளவு தேச்சாலும் இந்த அழுக்கு போக மாட்டேங்குதும்மா" என்றாள்.

"தேய்க்காதீங்க! அது அழுக்கில்ல!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்த் துணியை என் கையில் கொடுத்தாள். மீதியை நானே துடைத்தேன், மெதுவாக.

உன் குட்டிம்மா