நம்ம வானம் வெளுத்திருக்கு

மகனுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு சுரேஷி எழுதுகிறாள்.

டேராடூன் வானிலை அலுவலகத்திலிருந்து நீ சொல்லி அனுப்பியது கிடைத்தது. நாளை மறுபடியும் பெருமழை, மேட்டுக் கோயிலுக்கு ஏறிவிட வேண்டும் என்கிறாய்.

அன்றைக்கும் இப்படித்தான் சொன்னாய். உன் அம்மா அண்ணாந்து பார்த்தாள். நல்ல வெயில்.

“படுக்கைய நனைச்சுக்கிட்டுக் கிடந்த பய, இப்ப மழை எப்ப வரும்னு எனக்குச் சொல்றான் பாருங்க!” என்று சிரித்தாள்.

“ஓடைப் பக்கம் போகவேணாம்னானே.”

“பெஞ்சா மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும். நம்ம வானம் வெளுத்திருக்கு. ஓடையில தண்ணி நல்லா வருது, தண்ணித் திரிகை வேகமாச் சுத்தும். அவன் லீவுல ஊருக்கு வர்றதுக்குள்ள கேழ்வரகை அரைச்சுட்டு வந்துடறேன்.”

அந்த வெயிலிலேயே வெள்ளம் வந்தது. திரிகைக் கல்லைக்கூடக் காணவில்லை.

அன்று உன்னைக் கேலி செய்த ஊர், இப்போது நீ சொன்னதும் மூட்டை கட்டுகிறது. உன் கணக்கில் ஒரு குற்றமும் இல்லை, மகனே. அந்த ஒரு நாள் மட்டும் அது பொய்த்திருக்கக் கூடாதா?

காரியம் செய்துவிடலாம் என்கிறார் பூசாரி. எதை வைத்துச் செய்வது?

நான் ஏறப்போவதில்லை. மாவு மூட்டையோடு வருகிறவள் பூட்டிய கதவைப் பார்க்க வேண்டாம்.

சுரேஷி இதைக் கையோடு மேலே கொண்டுபோகிறாள். உன்னிடம் வந்து சேரும்போது மழை விட்டிருக்கும்.

உன் அப்பா