வெள்ளரிக் கொடிக்கு உப்பில்லாத மோர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன இடத்திலும் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இங்கே உங்கள் வீட்டில் எல்லோரும் நலம். நான் எழுத வந்தது வெள்ளரிச் சேதி.

நஞ்சன்கூடு ரோட்டுத் தோட்டத்தை இனி விட்டுவிடலாம் என்று உங்கள் மகன் குமார் சொன்னான். என் தங்கை சரோஜா ஒப்பவில்லை. ஆனால் பூஞ்சாணத்துக்கு நீங்கள் அடிக்கும் டப்பா மருந்து தோட்டத்துக்குள் வரக்கூடாது என்றாள். மருந்து அடித்த நாளெல்லாம் கண்ணெரிச்சலோடு நீங்கள் சுருண்டு படுத்ததைப் பார்த்தவள் அவள்தானே. இந்தப் போகம் காய்க்காவிட்டால் தோட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று குமார் கறாராகச் சொல்லிவிட்டான்.

வெயில் ஏறியதும் இலைகளில் மாவு தூவியது போல வெள்ளை படர்ந்தது. அதே சாம்பல் நோய். புளித்த மோர் அடித்தால் கட்டுப்படும் என்று நான் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்? "மோர் சோத்துக்கு மச்சான், கொடிக்கு இல்ல" என்று சிரிப்பீர்கள். இப்போது சிரிக்க ஆளில்லை என்ற தைரியத்தில் நான் இறங்கினேன்.

ராமநவமிக்கு நம் தெருப் பந்தலில் நீர்மோர் ஒரு டிரம் மீந்துபோனது. வீணாக்குவானேன் என்று ஆட்டோவில் ஏற்றி வந்து நன்றாகப் புளிக்கவிட்டேன். ஏற்கெனவே தண்ணியான மோர்தானே என்று அப்படியே உங்கள் ஸ்ப்ரேயரில் ஊற்றினேன். கறிவேப்பிலை போய் அடைத்தது. வடிகட்டினால், அடுத்து இஞ்சி அடைத்தது. மறுபடி வடிகட்டி அடித்தும் விட்டேன். உப்பை எந்தத் துணியாலும் வடிகட்ட முடியாது என்பது, இலை ஓரமெல்லாம் கருகிய பிறகுதான் உறைத்தது.

குமார் கடைக்குப் போய்ப் புது மருந்து டப்பா வாங்கி வந்து வாசலில் வைத்தான். சரோஜா அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"தாளிச்சுக் கொட்டாம, வெறும் மோரா ஒருக்கா அடிச்சுப் பாக்கலாமுங்ணா" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் முகத்தில் பயம் இருந்தது. எனக்கும்தான்.

நோய் கண்ட இலைகளையெல்லாம் கிள்ளி அப்புறப்படுத்தினோம். நெருக்கமான கொடிகளைப் பிரித்துக் கட்டிக் காற்றோட்டம் விட்டோம். உப்புப் போடாத புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, வாரம் ஒருமுறை காலையில் அடித்தோம். கருகிய இலை பிழைக்கவில்லை. புதிதாக வந்த இலைகள் சுத்தமாக வந்தன. குமாரே சீல் உடைக்காத டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

நேற்று முதல் காய் பறித்தோம். சரோஜா அதை முந்தானையில் துடைத்து, இரண்டாக ஒடித்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, கொடியடியிலேயே நின்று கடித்தாள். இத்தனை வருஷத்தில் தன் தோட்டத்துக் காயை அவள் அப்படித் தின்றதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

"அவரு இருந்தா, மொதல்ல கழுவுன்னு வெரட்டியிருப்பாருங்ணா" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு உங்கள் மேல் கோபமாக வந்தது. இதைப் பார்க்காமல் போக அப்படி என்ன அவசரம்?

ஒன்று கேட்கிறேன். வருஷா வருஷம் ராமநவமிப் பந்தலில் படைக்கும் பாசிப்பருப்புக் கோசம்பரிக்கு வெள்ளரி உங்கள் உபயம். தோட்டத்தில் காய் தொங்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போவீர்கள். மருந்தடித்த காயைச் சாமிக்குக் கொடுப்பதா என்பீர்கள். மார்க்கெட் காயில் மட்டும் மருந்து இல்லையா என்று கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள். உள்ளுக்குள் நீங்களும் என் கட்சிதானா, மாப்பிள்ளை?

தோட்டத்தை விடவில்லை. அடுத்த ராமநவமிக்கு உங்கள் தோட்டத்துக் காய்தான் கோசம்பரிக்குப் போகும். உங்கள் பேரைச் சொல்லி நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மீந்த மோரை மட்டும் பந்தலிலேயே விட்டுவிட்டு வருவேன், சத்தியம்.

உங்களிடம் தோற்றே பழகி, இந்த ஒரு தடவை ஜெயித்துவிட்டு, சொல்லிக்காட்ட ஆளில்லாமல் நிற்கும்
உங்கள் மச்சான்,
சின்னராசு