லண்டனில் மூன்றரை மணி நிலா

1997 செப்டம்பர் 30, மும்பை
ஐந்து வருடத்துக்கு முன் அந்தேரியில் ஒரு வாடகை மாடியில் இரண்டு கேமராவோடு ஆரம்பித்த எங்கள் 'ஜரோகா' ஹிந்திச் சேனல் லண்டனுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அங்கே யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"உஜ்வலா, தீபாவளிக்குள்ள பாக்குற ஆளைக் காட்டு. இல்லேன்னா லண்டனுக்கு மூடுவிழாதான்," என்றார் எங்கள் முதலாளி தண்டன் சார். எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று குறிப்பவள் நான். ஆளுக்கு எங்கே போவேன்?

அக்டோபர் 19
இன்று கர்வா சவுத். வடக்கத்திப் பெண்கள் புருஷனின் ஆயுசுக்காகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, நிலாவைப் பார்த்த பிறகே சாப்பிடுவார்கள். எங்கள் மராத்தி வீட்டில் அந்த வழக்கம் இல்லை. டில்லியில் நிலா எழுவதை நேரலையாகக் காட்டினோம். லண்டனுக்கும் அப்படியே விட்டேன். நேரலை என்றால் நேரலைதானே?

அக்டோபர் 20
ஐயோ! டில்லியில் இரவு எட்டு என்றால் லண்டனில் பிற்பகல் மூன்றரை! அங்கே விரதம் இருந்த பெண்கள் பசி மயக்கத்தில் டிவி நிலாவைப் பார்த்துச் சாப்பிட்டே விட்டார்கள். தண்டன் சாரின் மாமியாரும் அங்கேதான் இருக்கிறார்.

"ரெண்டு பராட்டா உள்ள போனப்புறம்தான் ஜன்னல்ல வெயிலைப் பாத்தாங்களாம்! இனி மாமனார் ஒரு தும்மல் போட்டாக்கூட என் தலைதான் உருளும்!" என்று குதித்தார் சார். என் வேலை போச்சு.

வீட்டில் மிலிந்த் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "கட்டின புருஷனுக்காக ஒரு வேளையாவது பட்டினி கிடந்திருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்ல!"

பெரிய ஆசை.

அக்டோபர் 22
லண்டன் ஆபீஸுக்கு இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு போன். அத்தனையும் திட்டு. பட்டியலைப் பார்த்த சார் முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா, இத்தனை பேரா பாக்குறாங்க!"

அக்டோபர் 23
மூடுவிழா இல்லை. எனக்குத்தான் தண்டனை. "நீயே போய் அங்க உக்காரு. அந்த ஊரு நிலாவைப் பாத்துப் போடு!"

1998 அக்டோபர் 8, லண்டன்
மறுபடி கர்வா சவுத். மொட்டைமாடியில் கேமரா, வானம் முழுக்க மேகம். சாயங்காலத்திலிருந்து போன் ஓயவில்லை. சாரின் மாமியார் மட்டும் மூன்று தடவை. "ஏம்மா, இந்தத் தடவை நெஜ நிலாதானே?"

நடுவில் மும்பையிலிருந்து மிலிந்த். "சாப்பிட்டியா?"

"இன்னும் நிலா வரலைங்க."

அவர் குரல் தணிந்தது. "உனக்கெதுக்குடி நிலா?"

"வேலைங்க. ஊர்ல இருக்குறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லணும்ல," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வேலையாம்! காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.