ஓமந்தை வரை

நீராவிப்பிட்டி, முல்லைத்தீவு
03.06.2024

அன்புள்ள தம்பி ஸஜாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் புத்தளத்தில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மன அமைதி வேண்டுமென்று ஃபோனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாய் என்று உன் மனைவி றிஃப்னா சொன்னாள். உனக்கு அமைதி, எனக்குத் தபால் கந்தோருக்கு நாலு மைல் சைக்கிள்.

இருபத்தாறாம் திகதி வாப்பாவின் மூன்று ஏக்கர் காணிக்கும் காணிக் கந்தோரில் விசாரணை. வாப்பா மறைந்த பிறகும் பெர்மிட் அவர் பெயரிலேயே இருப்பதால் பிள்ளைகள் இரண்டு பேரும் நேரில் நின்று கையெழுத்து வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆளில்லாத காடு என்று எழுதி அரசாங்கத்துக்கு எடுத்துவிடுவார்கள். அங்கே மண்டிய புதர், பற்றை வெட்டி வெட்டி என் கையெல்லாம் கொப்புளம். லீவு போட்டு வந்துவிட்டுப் போ.

உன் ராத்தா
ஸஹ்றா

புத்தளம்
12.06.2024

அன்புமிக்க ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் முழுக்க ஒரே பதற்றமாக இருக்கிறதே. பிரஷர் ஏறி விழுந்த பிறகு நான் பழைய கிரேக்க ஞானிகளைப் படிக்கிறேன். ஸ்டோயிக் என்பார்கள். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இல்லாததற்காக மனதை அலையவிடக் கூடாது. காணி கிடைப்பது அதிகாரியின் கையில், நமக்கேன் கொதிப்பு? தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கால் மணி நேரம் இதை யோசித்துப் பாருங்கள்.

எனக்கு வர வசதிப்படாது. காணியை உங்கள் பெயருக்கு மாற்ற முழுச் சம்மதம் என்று எழுதி, இங்குள்ள கிராம சேவகரின் முத்திரையும் வாங்கி இத்துடன் அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி
ஸஜாத்

நீராவிப்பிட்டி
27.06.2024

ஸஜாத்துக்கு,

சலாம். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தில் இருந்த புத்தளத்து முத்திரையை அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நீங்கள் குடும்பமா அங்க குடியேறிட்டீங்கள் எண்டுதானே அர்த்தம்?" என்று கேட்டார். "ஐயா, நான் பதினாலு வருஷமா இங்கதான் இருக்கிறன்" என்றேன். உன் சம்மதத்தையே எனக்கு எதிராக ஃபைலில் குத்திவிட்டார். அழுது கெஞ்சி ஜூலை பதினெட்டுக்குத் திகதி வாங்கியிருக்கிறேன். அதுதான் கடைசி.

அதிகாரி உன் கையில் இல்லை, சரி. புத்தளத்தில் பஸ் ஏறுவது யார் கையில் இருக்கிறது? சோம்பலுக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறாய். நீ சொன்னபடி கால் மணி நேரம் யோசித்தேன். உன்னைத் திட்ட இன்னும் நாலு வார்த்தை கிடைத்தது, அவ்வளவுதான்.

ஸஹ்றா

புத்தளம்
06.07.2024

ராத்தாவுக்கு,

சோம்பல் இல்லை. உங்களிடம் மறைத்துவிட்டேன். மனம் கேட்காமல் இருபத்தைந்தாம் திகதி பஸ் ஏறினேன். ஊருக்குப் போகும் வழியில் ஓமந்தை வந்ததும் கால் நடுங்கத் தொடங்கியது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கக்காரர் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, வாப்பா கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த ரோட்டு அது. அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போதும் அதே வயதுதான் என்பதுபோல் இருந்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

படித்ததெல்லாம் புத்தளத்தில் இருக்கும்வரைதான் உதவுகிறது. மற்ற எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன், இந்தப் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பதினெட்டுக்கு வருவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மன்னித்துவிடுங்கள்.

ஸஜாத்

நீராவிப்பிட்டி
11.07.2024

என் தம்பிக்கு,

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன். கோபம் இன்னும் போகவில்லை. பாதி உன்மேல், மீதி யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ரோட்டில் நானும் நடந்தவள்தான். திரும்பி வந்த முதல் வருஷம் ஓமந்தை தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதை நானும் உனக்குச் சொல்லவில்லை.

அமைதி ஒன்றும் வரவில்லை, ஆனால் பிரித்துப் பார்த்தேன். அதிகாரி என் கையில் இல்லை. நீ வருவதும் என் கையில் இல்லை. ஓமந்தைக்கு வந்து நிற்பது என் கையில் இருக்கிறது. பதினேழாம் திகதி புத்தளத்திலிருந்து காலை பஸ் எடு. நான் ஓமந்தைச் சந்தியில் நிற்பேன். கால் நடுங்கினால் நடுங்கட்டும். நீ இறங்க வேண்டாம், நான் ஏறிக்கொள்வேன். பக்கத்துச் சீட்டில் உன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வை.

உன் ராத்தா
ஸஹ்றா