பூசானுக்குப் போன பொட்டலம்

கொரட்டூர்,
தாது வருஷம் வைகாசி மாதம் 20-ந் தேதி.

சௌபாக்கியவதி தாட்சாயிணிக்கு உன் நைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை வரதனும் உன் வயிற்றிலிருக்கும் சிசுவும் கொரியா தேசத்தில் சுகமாயிருப்பதாக அடுத்த கப்பல் தபால் வந்து சொன்னால்தான் எங்கள் சுகத்தை நாங்கள் நம்புவோம். தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருஷம் பிறர் கையெழுத்துப் போடுவதற்காக நகல் எழுதியவன் ஆனபடியால் தலைப்புகளை வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது. இந்தத் தடவை கோபத்தில் எழுதுகிறேன், ஆகவே வரிசை இன்னும் அவசியம்.

1. உன் கர்ப்பமும் கட்டியும். கொரியா வைத்தியர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி.
2. உன் நாத்தனார் சொர்ணம் செய்த அக்கிரமம்.
3. அதற்கு நான் செய்த பதில்.
4. உனக்கு அனுப்பியிருக்கும் மருந்து. தவறாமல் சாப்பிட வேண்டியது.
5. நீ எடுத்து அனுப்ப வேண்டிய போட்டோ.

முதலாவது. சித்திரை முதல் வாரத்தில் வந்த உன் கடிதத்தை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன். மூன்றாம் மாதத்தில் அடிவயிற்றில் பிடுங்குகிற மாதிரி வலி வந்ததும், துளித் துளியாய் உதிரம் பட்டதும், பூசான் ஆஸ்பத்திரியில் ஜப்பான் டாக்டர் பார்த்துவிட்டுக் கர்ப்பப்பையில் பிள்ளையோடு கூட எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டியும் இருக்கிறது என்றதும், உன் வீட்டுக்கார அம்மாள் உன்னைக் கிழவர் கிம் வைத்தியரிடம் அழைத்துப் போனதும் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார் என்கிறாய், நம் வைத்தியர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். பிள்ளை வளர்கிற ரத்தத்தைக் குடித்துக் கட்டியும் கொஞ்சம் வளரும், அதனால்தான் வலி, ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு அது தானே அடங்கும், பயப்படாதே என்று சொன்னாராம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாராம். அந்த ஊர் வீடுகளில் தரைக்கு அடியில் நெருப்புச் சூடு ஓடுமாமே, அந்தத் தரையில் பாதத்தை வைத்துக் கதகதப்பாக இருக்கச் சொன்னாராம், சூடு வயிற்றில் நேராகப் படக்கூடாது என்றாராம். கஷாயத்தில் இஞ்சியும் இலந்தைப்பழமும் போடுகிறார் என்று படித்தபோது உன் அம்மா அட, நம்ம சரக்கு என்று சந்தோஷப்பட்டாள். நீ எழுதியிருந்த அடையாளத்தைக் கேட்டு இன்னொரு இலையை மாசிப்பத்திரி என்று அவளே கண்டுபிடித்தாள். உதிரத்தை நிறுத்துவதற்குக் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பிசினைக் கஷாயத்தில் கரைத்துக் கொடுக்கிறார் என்ற இடத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அதில் அருவருப்பில்லை. பத்து நாளில் உதிரம் நின்றுவிட்டது என்று நீயே எழுதியிருக்கும்போது கழுதையாயிருந்தால் என்ன?

இரண்டாவது. இதில் முதல் குற்றம் என்னுடையது என்பதை ஒளிக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று சொர்ணம் பருத்திப்பட்டிலிருந்து மாங்காய் கொண்டுவந்திருந்தாள். தம்பி ஊரிலிருந்து இன்னா சேதி மாமா என்று கேட்டாள். ஒரு காகிதத்தைப் பாதி படித்து நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லாததால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்துவிட்டேன், கட்டியும் கழுதையும் உட்பட. அவள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அய்யோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை மாங்காடு அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் வைக்க வரிசையில் நின்ற பெண்களிடம் அவள் சொன்னதை, இரண்டு பேர் பின்னால் நின்றிருந்த உன் அம்மா தன் காதால் கேட்டாள். எங்க தம்பி பொண்டாட்டிக்குப் புள்ளயாவது ஒண்ணாவது, வயித்துல கீறது கட்டிம்மா, கொரியாக்காரன் கழுதத்தோல காச்சி ஊத்திகினு கீறான், அப்டியே புள்ள பொறந்தாலும் கத்திகினேதான் பொறக்கும், காதப் புடிச்சித் தூக்கிக்க வேண்டியதுதான் என்றாளாம். அத்தனை பேரும் சிரித்தார்களாம். உன் அம்மா எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள், அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

சிரிப்போடு விட்டிருந்தால் நானும் வழக்கம்போல் விழுங்கியிருப்பேன். அவளுடைய புருஷனுக்குத் தங்கை ஒருத்தி, எல்லம்மா என்று ஆவடியில் இருக்கிறாள். அவள் மகள் சாமுண்டீஸ்வரிக்குப் பதினேழு வயது. தம்பி பெண்டாட்டிக்குக் கர்ப்பப்பையே கெட்டுவிட்டது, தம்பியை வரவழைத்து இந்தப் பெண்ணைக் கட்டிவைத்துவிடலாம் என்று அங்கே பேச்சை எடுத்திருக்கிறாள். வரதனுக்கும் அப்படியே ஒரு காகிதம் போட்டிருப்பதாகத் தெரிகிறது. அது இதற்குள் அங்கே வந்திருக்கும். மாப்பிள்ளை நல்லவர், ஆனாலும் அக்காள் வளர்த்த பிள்ளை. நீ கேட்டு அழாதே, அவராகக் காட்டினால் படித்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடு.

மூன்றாவது. நான் பயந்தவன் என்று உனக்குத் தெரியும். ஆபீசில் பியூனிடம் கூட நாற்காலியை நகர்த்தச் சொல்லத் தயங்குவேன். இந்த விஷயத்தில் எட்டு நாள் யோசித்து எல்லம்மாவின் புருஷன் பரந்தாமனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் ஆறு நகல்கள் மொட்டைக் கடிதங்கள். ஏழாவதை முடித்தபோது கீழே என் பெயரை எழுதியிருந்தேன், அழிக்க மனம் வரவில்லை. வரதனின் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி, அவளுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லி உங்கள் பெண்ணைக் கேட்பது மோசடி, சந்தேகமிருந்தால் என்னிடம் வந்து அவள் கடிதத்தைப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். வளைகாப்பு வரைக்கும் வெளியில் வாயைத் திறக்கக் கூடாது, ஊர்க் கண் பொல்லாதது என்று உன் அம்மா கட்டளை இட்டிருந்தாள். அதை மீறினேன். வஞ்சம் தீர்க்க வேண்டுமென்று இருந்தது.

தீர்ந்தது. வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை பரந்தாமனும் எல்லம்மாவும் பருத்திப்பட்டுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். வீட்டுக்குள் போகத் தைரியமில்லை. ஏரிக்கரையில் பனைமரத்துக்குப் பின்னால் குடையை விரித்துக்கொண்டு நின்றேன். எல்லம்மா தெருவிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஏண்டி சொர்ணம், அங்க ஒருத்தி ஆறு மாசத்து வயித்தத் தள்ளிகினு கீறா, நீ இங்க எம்பொண்ணுக்கு நாள் பார்க்கலாம்ன்றியா, அவளுக்கு ஏணை கட்டி ஆட்டத்தான் எம்பொண்ண அனுப்பணுமா என்றாள். யாரு சொன்னா, எந்தக் கஸ்மாலம் சொன்னான், அவன் வாய் அழுவிப்போவ என்று சொர்ணம் கத்தினாள். பரந்தாமன் மடியிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து, மொட்டக் கடுதாசி இல்லம்மா, கையெழுத்துப் போட்டுத்தான் எழுதிகீறாரு, உன் தம்பியோட மாமனாரு என்றார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். சொர்ணம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாட்சாயிணி, இந்த அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு தித்திப்பான எதையும் நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கதவு சாத்திய சத்தத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். இது போதாது என்றும் தோன்றியது. மாங்காட்டில் சிரித்த அத்தனை பேர் முன்னாலும் அவள் தலை குனிய வேண்டும்.

நான்காவது. அதற்குத்தான் இந்த மருந்து. கிம் வைத்தியர் வலியை அடக்குகிறார், உதிரத்தை நிறுத்துகிறார், கட்டியை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். இது எனக்குச் சம்மதமில்லை. கட்டி இருக்கிற வரைக்கும் சொர்ணத்தின் பேச்சுக்கு ஒரு கால் இருக்கும். ஒன்பதாம் மாதம் பிறப்பதற்குள் அது கரைந்துவிட வேண்டும், கட்டி இல்லை என்று அந்த ஜப்பான் டாக்டர் எழுதிக் கொடுக்கும் சர்ட்டிபிகேட்டை நீ எனக்கு அனுப்ப வேண்டும், அதைச் சொர்ணத்தின் வாசலில் நின்று நான் படிக்க வேண்டும். அம்பத்தூரில் துலுக்கானம் என்ற நாட்டு வைத்தியர் கட்டிக்குப் பேர் போனவர். அவரிடம் போய் இருபத்தாறு வயதுப் பெண், கர்ப்பப்பையில் கட்டி, சீக்கிரம் கரைய வேண்டும், இருப்பதிலேயே கடுமையான மருந்தாகக் கொடுங்கள் என்றேன். அந்தப் பொண்ணு மாசாமாசம் குளிச்சிகினு கீதா, நின்னுபோச்சா என்று கேட்டார். உன் அம்மாவின் கட்டளை அப்போது நினைவிலிருந்தது, பெண்ணின் இந்த விஷயத்தை வேற்று ஆண்பிள்ளையிடம் பேசக் கூச்சமாகவும் இருந்தது. மேலதிகாரி கேள்விக்குப் பதில் எழுதுவதுபோல், அந்த விவரம் என் வசம் இல்லை என்று பிடிகொடுக்காமல் சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதினாலு பொட்டலம் சூரணம் கட்டிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டும். வைகாசி 8-ந் தேதி கப்பல் பார்சலில் சேர்த்துவிட்டேன், நாற்பது நாளில் உன் கைக்கு வரும். கிம் வைத்தியரிடம் சொல்லவேண்டாம், வைத்தியருக்கு வைத்தியர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐந்தாவது. பூசானில் போட்டோ ஸ்டூடியோ இருக்குமல்லவா. எட்டாம் மாதத்தில் வயிறு தெரியும்படி பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. கண் பட்டுடும், வாணாம் என்று உன் அம்மா முணுமுணுக்கிறாள். யார் கண்ணில் படவேண்டுமோ அவள் கண்ணில் படத்தான் கேட்கிறேன்.

21-ந் தேதி. இதற்கு மேலே உள்ளது நேற்று எழுதியது. எழுதியதை மூலத்தோடு ஒப்பு நோக்காமல் நான் எந்தக் காகிதத்தையும் அனுப்பியதில்லை. இன்று காலை உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து முதல் தலைப்பை வரி வரியாகச் சரிபார்த்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் நான் எடுத்தெழுதாமல் விட்ட நான்கு வரிகள் இருந்தன. எத்தனையோ முறை படித்திருக்கிறேன், எனக்குச் சாதகமில்லாததால் கண் தாண்டிப் போயிருக்க வேண்டும். கட்டிக்கு மருந்தே இல்லையா என்று நீ கேட்டதற்குக் கிம் வைத்தியர் ஒரு இழுப்பறையைத் திறந்து வேர் ஒன்றைக் காட்டி, இது கட்டியை உடைக்கும், ஆனால் கட்டி எது குழந்தை எது என்று இதற்குத் தெரியாது, பிரசவமாகி நூறு நாள் போன பிறகு வா, அதுவரை இந்த இழுப்பறையை உனக்காகத் திறக்க மாட்டேன் என்று சொல்லி மூடிவிட்டாராம்.

சட்டையைக் கூட மாட்டாமல் மேல்துண்டோடு அம்பத்தூருக்கு ஓடினேன். துலுக்கானம் கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கர்ப்பிணி, ஆறு மாதம் என்று வாசலிலிருந்தே சொன்னேன். குழவியைப் போட்டுவிட்டு எழுந்தார். யோவ் பெரியவரே, இன்னாய்யா சொல்றே, புள்ளத்தாச்சிக்கா வாங்கிகினு போனே, அத்தத்தானேய்யா நான் அன்னிக்கே கேட்டேன், படிச்ச மனுசன் தானே நீ, அதுக்குக் கட்டி இன்னா கொயந்த இன்னா, ரெண்டையும் ஒண்ணாக் கீய தள்ளிட்டு அந்தப் பொண்ணையும் இட்டுகினு போய்டும்யா, நிக்காத, ஓடு, தந்தி அடி என்றார். வாசலில் காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது கூச்சம் எதுவும் தோன்றவில்லை.

ரயிலில் பட்டணம் போய்த் தந்தி கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். பார்சலைப் பிரிக்காதே, கடலில் எறி, சாப்பிடாதே என்று மாப்பிள்ளை ஆபீஸ் விலாசத்துக்கு அடித்திருக்கிறது. நாளைக்குள் சேர்ந்துவிடும் என்று தந்தி குமாஸ்தா உறுதி சொன்னார், மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் சொன்னார். பார்சல் இன்னும் சிங்கப்பூரைத் தாண்டியிருக்காது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கணக்கின்மேல் எனக்கு இன்று நம்பிக்கையில்லை. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. அந்தாள் கேட்டப்போ வாயத் தொறந்து ஆமான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா வந்துச்சு உனக்கு, அந்த ஆவடிக்காரனுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதத் தெரிஞ்சிதே என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டுச் சுத்தமாக வேறு எழுதியிருக்கலாம், ஆபீசில் அப்படித்தான் செய்திருப்பேன். தந்தி எதற்காக என்று உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன். சொர்ணத்தை நான் மன்னிக்கவில்லை. இரண்டாவது மூன்றாவது தலைப்புகளில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன், அந்தப் படம் வந்தால் இப்போதும் எடுத்துக்கொண்டுதான் போவேன். ஆனால் அவள் வாயால் மட்டும் இல்லையென்று சொன்ன பிள்ளையை, நான் பொட்டலம் கட்டி முத்திரை போட்டு இல்லாமல் ஆக்கப் பார்த்தேன். அவளை ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில் உன்னை நான் ஒரு தடவை கூட நினைக்கவில்லை.

கிம் வைத்தியர் காலில் என் நமஸ்காரத்தைச் சொல்லு. கழுதைப் பிசினோ கடற்பாசிச் சாறோ அவர் கொடுப்பதைக் குடி, இடது பக்கமே படு. கட்டி அங்கேயே இருக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகிற உயிரும் நூறு வயது வாழ மாங்காட்டு அம்மனை உன் அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள், கூட நிற்க எனக்கு யோக்கியதை உண்டோ என்று தெரியாமல் நானும் நிற்கிறேன். மறக்க வேண்டாம், பார்சல் எப்போது வந்தாலும் பிரிக்காதே. சுகம் என்று ஒரு வரி மட்டும் உடனே தந்தியடிக்க மாப்பிள்ளையிடம் சொல்லு.

நான்காவது தலைப்பில் நான் எழுதியது முழுவதும் தவறு.

உன் நைனா,
கொரட்டூர் ஜம்புலிங்கம்