பொன்னுத்தங்கத்தின் படத்தை எங்கே கொடுத்தேன்

திருத்தங்கல்,
19.8.2006

அன்புள்ள ஹெப்சிபாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் ஆண்டவர் தயவால் நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் மருமகனும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வீட்டில் காலையும் மாலையும் ஜெபம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. நீ அனுப்பிய களிம்பால் வந்த குணமா, மாடிப்படி ஏறாதே என்று நான் சொன்னதை முதல் தடவையாகக் கேட்டதால் வந்த குணமா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. இங்கே மழை இல்லை. தீபாவளி சீசன் நெருங்கிவிட்டதால் பட்டாசுக் கம்பெனி வேன்கள் விடியுமுன்பே நம் தெருவில் ஆரன் அடித்துக்கொண்டு போகின்றன. பொன்னுத்தங்கத்தின் படம் இமெயிலில் வந்துவிட்டது என்று போனில் சொன்னாய், எந்த லேபில் கொடுத்தீர்கள், ஒரே படம் ஏன் இரண்டு விதமாக வந்தது என்றும் கேட்டாய். அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பின்தெரு மாரித்தாயின் மகள் பொன்னுத்தங்கம் இறந்துபோன செய்தியை அன்றைக்கே உனக்குச் சொன்னேன். அவள் வேலை பார்த்த கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் மாரித்தாயிடம் சொல்லிவிட்டார்கள், அவளும் பார்க்கவில்லை. துணி சுற்றியபடியே கொண்டுவந்து அப்படியே அடக்கம் செய்தார்கள். பிறகு, காரியத்தன்று மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தேடினால் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், வெறும் புள்ளிக் கூட்டமாக வந்தது, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. அப்போதுதான் மாரித்தாய்க்கு உன் நினைவு வந்திருக்கிறது. அம்மாவிடம் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "பாப்பா எம்புள்ளையப் படம் புடிச்சுச்சே அக்கா, அது எங்கன இருக்கு" என்று கேட்டாள். மே மாதம் நம் சபை அசன விருந்துக்கு முந்தின நாள், வெங்காயம் உரிக்கப் பொன்னுத்தங்கம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேரே வந்தாளே, மூஞ்சியைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவளை அதற்குள் நீ எடுத்துவிட்டதாகச் சொன்னாயே, அந்தப் படம். அது பாதி ரோலோடு கேமராவுக்குள்ளேயே நம் பீரோவில் இருந்தது. நீ போனில் சொல்லச் சொல்ல, அடியில் உள்ள பொத்தானை அழுத்தி மேலே உள்ள பிடியைச் சுற்றி ரோலை வெளியே எடுத்தேன். அறுவைச் சிகிச்சை செய்கிறவன் மாதிரி எனக்கு வியர்த்துவிட்டது என்று அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ரோல் கைக்கு வந்துவிட்டது, இனி எங்கே கொடுப்பது என்பதுதான் கேள்வி. கொடுக்கிற இடம் தவறினால் மாரித்தாய்க்குத் தன் மகளின் முகம் இந்த உலகத்தில் எங்கேயும் கிடைக்காது. உன் தம்பி ஜெபின், கூரியரில் சென்னைக்கு அனுப்புங்கள், நான் நல்ல லேபில் கொடுக்கிறேன் என்றான். கூரியர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். சிவகாசியிலிருந்து கிளம்பும் பார்சல் என்றாலே எல்லாருக்கும் ஒரு சந்தேகம் உண்டு என்பது உனக்குத் தெரியும். கூரியர்காரர் அந்தச் சின்ன டப்பியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், புது ஐட்டமா, எம்புட்டு உயரம் போகும்" என்று கேட்டார். இவரே குலுக்குகிறார் என்றால் வழியில் எவராவது உள்ளே என்ன என்று பிலிமை வெளிச்சத்தில் பிடுங்கிப் பார்க்கமாட்டார்கள் என்று என்ன நிச்சயம். காரியத்துக்குள் திரும்பி வருமா என்பதும் தெரியவில்லை. திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். பொதுத்தேர்வுக்கு முன்னால் மாதிரித் தேர்வு வைத்துப் பார்ப்போம் அல்லவா, அதேபோல் நீ கேமராப் பையில் விட்டுப்போன இரண்டு புது ரோலையும் எடுத்து, நம் சபைக் கோயில் கோபுரம், காம்பவுண்டுச் சுவர், கொடியில் துணி காயப்போடும் அம்மா என்று சிலவற்றை எடுத்துத் தீர்த்தேன். ஒன்றை விருதுநகர் பஜாரில் ஒரு பெரிய கலர் லேபில் கொடுத்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, பஸ் செலவுக்குக் குளிர்ச்சியாவது கிடைத்தது. இது கருப்பு வெள்ளை ரோல் தம்பி என்றேன். எல்லாம் ஒரே மிஷின்தான் சார், காபி சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் வாங்க என்றார் கடைக்காரர். சாப்பிட்டுவிட்டு வந்தால் பிலிம் முழுவதும் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. அவர் வருத்தப்படவில்லை, லென்ஸ் மூடியைக் கழற்றித்தானே எடுத்தீங்க என்று என்னைக் கேட்டார். நீ பிறகு விளக்கிய பின்தான் எனக்குப் புரிந்தது. கருப்பு வெள்ளை பிலிமில் படமாக நிற்பது வெள்ளித் துகள், கலருக்கான மருந்து அந்த வெள்ளியைக் கரைத்து எடுத்துவிடும், கலர் பிலிமில் சாயம் மிஞ்சும், இதில் ஒன்றும் மிஞ்சாது. உன் ரோலைக் கொடுத்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் பொன்னுத்தங்கம் கரைந்து போயிருப்பாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இன்னொரு ரோலைச் சிவகாசியில் அய்யாதுரையின் ஸ்டுடியோவில் கொடுத்தேன். உனக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்தானே, கண்ணை மூடிக்கொண்டாய் என்று திட்டினானே, அவனேதான். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். அவனுடைய அண்ணாச்சி காலத்துச் சாமான்கள் இருப்பதால் கருப்பு வெள்ளை தன்னால் முடியும் என்றான். பேச்சு கொஞ்சம் அதிகம், அதனால் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் குறைவு. ஆனால் மறுநாள் போனபோது அம்மாவின் சேலைப் பூவை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவாகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தான். "சார், பத்திரம் பத்திரம்னு கொடுத்தீக. உள்ள பார்த்தா செவுரும் துணிக்கொடியுந்தான் இருக்கு. கணக்குல ரெண்டு மட்டம் பெயில் போட்டீகளே, பத்தலையா, இப்பவும் பரீட்சையா" என்றான். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு சட்டைப்பையிலிருந்து உன் ரோலை எடுத்துக் கொடுத்து இது இன்னாருடைய படம் என்று சொன்னேன். அவன் நேரே இருட்டறைக்குப் போனான். இருந்த மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினான். சாயங்காலம் கொடியில் தொங்கிய பிலிமில் எல்லாப் படங்களும் இருந்தன.

ஆனால் பிரிண்ட் போட அவனிடம் சின்னத் தாள்தான் இருந்தது, உனக்கு அனுப்ப ஸ்கேனும் வேண்டும். நம் ஊரில் அச்சகங்களுக்கு ஸ்கேன் செய்து கொடுக்கும் இடத்துக்கு என்ன குறைச்சல், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உள்ள ஒன்றில் நெகட்டிவைக் கொடுத்தேன். அங்கே கம்ப்யூட்டரில் இருப்பது தஸ்லிமா என்ற பெண், மரியாதையான பிள்ளை, நல்ல வேலைக்காரி. நன்றாகச் செய்து கொடும்மா என்று மட்டும் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சி.டி.யும் பெரிய பிரிண்டும் கொடுத்தாள். படம் பளிச்சென்று இருந்தது. எனக்குத் திருப்தி, உனக்கும் அன்றைக்கே பிரவுசிங் சென்டரில் இருந்து அனுப்பிவிட்டேன். நீ முதலில் பார்த்தது அதுதான்.

மாரித்தாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நல்லா இருக்கு சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். காலையில் திரும்ப வந்தாள். சேலைத் தலைப்பில் படத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அம்மா காபி கொடுத்தாள், அதைக் குடிக்கவில்லை. பிறகு, "கோவிச்சுக்கிடாதீக சார். புள்ள நல்லா லட்சணமாத்தான் இருக்கு. ஆனா எம்புள்ள இல்ல" என்றாள். ராத்திரி முழுவதும் பார்த்துப் பார்த்து, என் கண்ணுதான் மறந்துபோச்சோ என்று பயந்திருக்கிறாள். கடைசி முகத்தையும் பார்க்காதவளுக்கு அந்தப் பயம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

படத்தோடு நான் தஸ்லிமாவிடம் போனேன். முகத்தில் வெள்ளை வெள்ளையாக அழுக்கு ஒட்டியிருந்தது சார், அதையெல்லாம் எடுத்துவிட்டேன், நிறத்தையும் கொஞ்சம் தூக்கினேன், தாடையில் தழும்பு இருந்தது, அதையும் சரி செய்தேன், நல்லாச் செய்யச் சொன்னீங்களே என்றாள். அவள் பேரில் தப்பில்லை. நாள் முழுவதும் காலண்டருக்கும் வெடிப் பெட்டி லேபிளுக்கும் முகம் திருத்துகிறவள், எந்த ஆர்டர் வந்தாலும் கை தானாக அதைச் செய்யும். கட்டுரைப் போட்டிக்குப் பையன் எழுதியதை வாத்தியார் தன் கைப்படத் திருத்தித் திருத்தி அனுப்பினால் பரிசு வரும், ஆனால் அதில் பையன் இருக்கமாட்டான், அது மாதிரி ஆகிவிட்டது. அது அழுக்கு இல்லையம்மா, பேன்சி வெடிக்குப் போடும் அலுமினியத் தூள், அவள் வேலையிலிருந்து நேரே வந்தபோது எடுத்த படம் என்றேன். யாருடைய படம் என்பதையும் அப்போதுதான் சொன்னேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தஸ்லிமா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நெகட்டிவைத் திரும்ப ஸ்கேனரில் வைத்து, ஒன்றையும் தொடாமல் அப்படியே எடுத்துக் கொடுத்தாள், உனக்கு இரண்டாவதாக வந்தது அதுதான். விடைத்தாள் பத்திரமாக இருந்தால் மதிப்பெண்ணை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கூட்டிப் பார்க்கலாம், நெகட்டிவ் அந்த விடைத்தாள். நீ அந்த ஊரில் எந்த லேபில் கொடுத்தாலும் நெகட்டிவைக் கேட்டு வாங்கு, யாருடைய படம் என்று சொல்லிக் கொடு, என்ன செய்ய வேண்டும் என்பதோடு என்ன செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடு.

அந்த இரண்டாவது படத்தை நானும் அம்மாவுமாக மாரித்தாய் வீட்டுக்கே கொண்டுபோனோம். பாதி எழுந்த நிலையில், ஒரு கையில் வெங்காயத்தோடு, கன்னத்திலும் புருவத்திலும் அந்தத் தூள் மின்ன, பொன்னுத்தங்கம் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். மாரித்தாய் பார்த்தவுடனே கீழே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை எடுத்து, கண்ணைத் துடைக்கப்போகிறாள் என்று நான் நினைத்தேன், படத்தில் அந்தக் கன்னத்தைத்தான் துடைத்தாள். "மூஞ்சியக் கழுவிட்டு வாடின்னா என்னைக்குக் கேட்டா" என்றாள். திரும்பவும் துடைத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், நான் வெளியே வந்துவிட்டேன். காரியத்தன்று அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள்.

மற்ற படங்களும் நன்றாக வந்திருக்கின்றன, அம்மா வெங்காயக் கண்ணீரோடு இருப்பது உட்பட. அதை மட்டும் தஸ்லிமாவிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள் என்கிறாள் உன் அம்மா. நெகட்டிவ்களை என் வேதாகமம் இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன். இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே, மருமகனையும் பனியனோடு வெளியே நிற்க வேண்டாம் என்று சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. அடுத்த லீவில் வரும்போது ரோல் வாங்கிக்கொண்டு வா. மாரித்தாயைப் படம் எடுக்க வேண்டும், அவளுக்கும் ஒரு படம் கிடையாது. கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்திருப்பாள், நீ விட்டுவிடாதே.

அன்புடன் உன் அப்பா,
த. பால்துரை